எலியேசர் விழுந்த இடம்

அத்தியாயம் 11

காலை ஒன்பது பத்துக்கு அதிவேக ரயில் நம் ஊர் மைத்தேனாலைக் கடந்து போனது. கடந்து போனது என்று நான் எழுதி முடிப்பதற்குள் அது அடுத்த ஊரையும் தாண்டியிருக்கும். சாந்தியாகோவிலிருந்து சில்லானுக்கு நாலு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்று தலைநகரத்தில் பெருமையடிக்கிறார்கள். போகலாம்தான். நம் ஊரில் நிற்காமல் போனால் எங்கே வேண்டுமானாலும் சீக்கிரம் போகலாம். அந்த நிற்காத ரயிலுக்குத்தான் போன மாதம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கொடி ஆட்ட வைத்தோம். வெட்கம் கெட்ட ஊர்.

ரயில் கிளப்பிய காற்றில் டெல்ஃபினா ஏற்றி வைத்திருந்த மெழுகுவர்த்தி அணைந்தது. அவள் மறுபடி ஏற்றினாள். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை ரயில் போகிறது. எட்டுத் தடவையும் ஏற்றுகிறாள்.

லெவல் கிராஸிங் ஓரத்தில், தண்டவாளத்திலிருந்து பத்தடி தள்ளி, நாய்க்கூடு அளவில் ஒரு சிமெண்டு வீடு. தகரக் கூரை, மேலே சிலுவை. உள்ளே எலியேசரின் போட்டோ, அவனுடைய ஒற்றைக் கால்பந்து பூட்ஸ், பிளாஸ்டிக் பூ. இதுதான் அவனுடைய அனிமிட்டா. சாலையிலோ தண்டவாளத்திலோ ஒருவர் அகாலமாகச் செத்தால், செத்த இடத்திலேயே நாங்கள் கட்டும் வீடு. உடம்பு கல்லறைக்குப் போய்விடும். ஆவி விழுந்த இடத்தை விட்டு நகராது. அதற்கு மழைக்கு ஒதுங்க ஒரு கூரை வேண்டும், வெளிச்சத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி வேண்டும். எலியேசர் வேண்டுதலுக்கு நல்லவன் என்று பெயர் வாங்கியிருந்தான். கூட்டைச் சுற்றி "நன்றி எலியேசர்" என்று முப்பது, நாற்பது பலகைகள்.

போன வாரம் விட்ட இடம் ஞாபகம் இருக்கும். புது ரயிலுக்காகத் தண்டவாளம் நெடுக இரண்டு பக்கமும் கம்பி வேலி வருகிறது. வேலிக்குள் எதுவும் இருக்கக் கூடாது. வேலி போட வந்த ஆட்களுக்கு முன்னால் டெல்ஃபினா நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். பொறியாளர் உர்சுவா ஒரே ஒரு நாள் தவணை கொடுத்துவிட்டுப் போனார். அந்த நாள் இன்றுதான். சாயந்திரம் ஆறு மணிக்குள் டெல்ஃபினா சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தக் கையெழுத்தை வாங்க வேண்டியவள் அவள் பெற்ற மகள் யாஸ்னா.

வேலிக் கம்பெனியில் யாஸ்னாவுக்குச் சமூகத் தொடர்பு அலுவலர் என்று பட்டம். ஆரஞ்சு நிற மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய், செத்தவர்களின் வீட்டை நகர்த்த உயிரோடிருப்பவர்களிடம் கையெழுத்து வாங்குவது வேலை. அவளுக்கு ஒதுக்கிய தூரத்தில் மொத்தம் நாற்பத்து மூன்று அனிமிட்டா. நாற்பத்திரண்டு குடும்பங்கள் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. இந்த வேலை கிடைக்க வேண்டும் என்று அண்ணனின் கூட்டுக்கு முன்னால் பன்னிரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொண்டவளும் அவள்தான். அண்ணன் வாங்கிக் கொடுத்த வேலையை வைத்து அண்ணனையே காலி பண்ணுகிறாள் என்று ஊரில் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான்.

கையெழுத்து கிடைத்தால் அவளுக்குச் சில்லான் ஸ்டேஷனில் நிரந்தர வேலை. முப்பத்து மூன்று வயதில் முதல்முறையாக, கிராஸிங்கை ஒட்டிய பெற்றோர் வீட்டை விட்டு வெளியே போவாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான். ஏன் என்று தெரிய வேண்டுமென்றால் இன்று காலை அந்தச் சமையலறையில் இருந்திருக்க வேண்டும்.

டெல்ஃபினா கிராஸிங்குக்குப் போவதற்கு முன் விறகடுப்பிலிருந்து ரொட்டியை எடுத்து வைத்தாள். கணவர் நிபால்டோ கை எட்டும் தூரத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"உங்க அப்பாகிட்ட சொல்லு, ரொட்டி அடுப்பு மேல இருக்குன்னு."

"அப்பா, ரொட்டி அடுப்பு மேல இருக்கு."

"பாத்தேன்னு சொல்லு."

"பாத்தாராம்மா."

பத்தொன்பது வருஷமாக இப்படித்தான். பதினாலு வயதிலிருந்து யாஸ்னா இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரி. அப்போது நிபால்டோ அந்தக் கிராஸிங்கில் கேட் கீப்பர். ஒரு ஜூலை மாத அந்தியில் அவர் கேட்டை மூட மறந்தார். பெற்ற மகனே ரயிலில் அடிபட்டான். இதை ஊருக்குச் சொன்னவரும் அவரேதான். அன்றைக்கு டெல்ஃபினா அவரிடம் பேச்சை நிறுத்தினாள். சோறு போடுவாள், சட்டை துவைப்பாள். பேச மாட்டாள்.

ஒன்பதரை மணிக்கு யாஸ்னா ஆபீசில் இருந்தாள். உர்சுவா அவளுக்குக் காப்பி கொடுத்து உட்கார வைத்துப் பேசினார். அவர் நல்ல மனுஷர், அதுதான் கஷ்டம். கத்துகிற அதிகாரியாக இருந்தால் பதிலுக்குக் கத்திவிட்டு வந்துவிடலாம். கையெழுத்து வராவிட்டால் அடுத்த வாரம் கோர்ட்டு உத்தரவோடு போலீஸ் வரும், கூடு எப்படியும் போகத்தான் போகிறது என்றார். சொந்த அம்மாவையே சம்மதிக்க வைக்க முடியாதவளைச் சில்லானுக்கு எப்படிச் சிபாரிசு செய்வது என்று, குற்றம் சொல்கிற குரலில் இல்லாமல் வருத்தமாகவே கேட்டார்.

படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. விபத்து நடந்த கிலோமீட்டர். மற்ற நாற்பத்திரண்டு பேருக்கும் யாஸ்னா பழைய ரயில்வே பதிவேட்டைப் பார்த்து எழுதினாள். அண்ணனுக்குப் பார்க்கவில்லை. ஊருக்கே தெரிந்த இடத்துக்கு யார் பதிவேடு பார்ப்பார்கள்? கிராஸிங் 326.400. எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அம்மா ஏதாவது குறை கண்டுபிடிப்பாள் என்று பயந்து, எல்லாம் சரியாக இருக்கட்டும் என்று அந்த வருஷத்துக் கட்டை எடுத்துப் பிரித்தாள்.

எலியேசர் காம்போஸ், வயது பதினெட்டு. கிலோமீட்டர் 327.200, ஓடை மேல் இரும்புப் பாலம். 326.400 கேட் முறைப்படி மூடியிருந்தது. கேட் கீப்பர் பச்சை விளக்குக் காட்டினார். ஓட்டுநர் வாக்குமூலம்: இளைஞர் தண்டவாளத்தின் நடுவில் ரயிலைப் பார்த்தபடி நின்றிருந்தார். ஹாரன் அடித்தும் நகரவில்லை.

அதோடு இன்னொரு தாள் குத்தியிருந்தது. நிபால்டோ காம்போஸ் சொந்தக் காரணங்களால் வேலையை விடுகிறார். யாரும் அவரை வேலையை விட்டுத் தூக்கவில்லை.

யாஸ்னா அதை மூன்று தடவை படித்தாள். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

நிபால்டோ இப்போது புளூபெர்ரித் தோட்டத்தில் கூலிக்குக் கவாத்து வெட்டப் போகிறார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாஸ்னா அங்கே போய்ச் சேர்ந்தாள். அவர் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, டெல்ஃபினா தூக்கில் கொடுத்துவிட்ட மொச்சைக் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பதிவேட்டுல முன்னூத்தி இருபத்தேழுன்னு போட்டிருக்குப்பா."

நிபால்டோ கரண்டியைக் கீழே வைத்தார். என்ன பதிவேடு என்று கேட்கவில்லை. மூடியை எடுத்துத் தூக்கை மூடினார். பக்கத்தில் இருந்த இன்னொரு பெட்டியை இழுத்துப் போட்டு மகளை உட்காரச் சொன்னார்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அன்று கேட்டை மூடி, பச்சை விளக்கைத் தூக்கிக் காட்டினார். ரயில் போனது. அடுத்த நிமிஷம் பாலத்துப் பக்கமிருந்து பிரேக் சத்தம் கேட்டது. ஓடினார். சட்டையை வைத்து அடையாளம் கண்டார். டெல்ஃபினா ஆப்பிள் பெட்டி அடைக்கிற ஷெட்டில் வேலைக்குப் போயிருந்தாள்; வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அவரும் போலீஸ் சார்ஜெண்டும் மகனைத் தண்டவாள டிராலியில் வைத்துக் கிராஸிங்குக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பொண்டாட்டியிடம் என்ன சொல்லப் போகிறாய் என்று சார்ஜெண்ட் கேட்டார். நான் கேட்டை மூடவில்லை என்று சொல்லப் போகிறேன் என்றார் நிபால்டோ. அந்தச் சார்ஜெண்டும் செத்துப் பல வருஷமாகிவிட்டது.

"ஏம்ப்பா?"

"உங்க அம்மாவுக்கு யார் மேலயாவது கோவப்படணும். அவன் மேல கோவப்பட்டா தாங்க மாட்டா. தன் மேலயே கோவப்பட்டா அதவிட மோசம். நான் சும்மாதான இருந்தேன்."

அவன் ஏன் அங்கே போய் நின்றான் என்று யாஸ்னா கேட்டாள். பத்தொன்பது வருஷமாக யோசிக்கிறேன், தெரியவில்லை என்றார். முந்தின நாள் கூட ரெண்டு தட்டு சாப்பிட்டான் என்றார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"பச்சை காட்டினது நான்தான். வழி சரியா இருக்கு, போன்னு. அதனால நான் சொன்னது முழுப் பொய்யும் இல்ல."

யாஸ்னாவுக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அடுத்த நிமிஷம் அவர் கேட்டதில் அந்த நினைப்பு போய்விட்டது. இதை அம்மாவிடம் சொல்லாதே, வேண்டுமானால் இந்த வேலையை விட்டுவிடு என்றார். வேறு வேலை கிடைக்கும் என்றார். எனக்கு அவள் கோபம் பழகிவிட்டது, அவளுக்கு இது பழகாது என்றார்.

"நீங்க முடிவு பண்ணிட்டீங்க. அம்மா முடிவு பண்ணிட்டாங்க. நடுவுல நான் பதினாலு வயசுலேருந்து ரொட்டி ரெடி, ரொட்டி ரெடின்னு சொல்லிட்டு நிக்கிறேன். என்னை யாராவது கேட்டீங்களாப்பா?"

ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் கிராஸிங்குக்கு வந்து தன் பங்குக் கையெழுத்தைப் போடுவதாக நிபால்டோ சொன்னார். குடும்பத்தில் இரண்டு பெரியவர்கள் கையெழுத்து வேண்டும். யாஸ்னா எழுந்து போன பிறகும் அவர் தூக்கைத் திறக்கவில்லை.

சாயந்திரம் ஐந்தே கால். குளிர்காலத்துப் பொழுது சாய ஆரம்பித்திருந்தது. வேலி ஆட்கள் கம்பிச் சுருளை இறக்கிப் போட்டுவிட்டு நின்றிருந்தார்கள். உர்சுவா ஐம்பதடி தள்ளி ஜீப்பிலேயே இருந்தார். டெல்ஃபினா காலையில் போட்ட நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மடியில் போர்வை, கையில் தீப்பெட்டி.

யாஸ்னா முதலில் எல்லாருக்கும் சொல்வதையே சொன்னாள். பழைய ஸ்டேஷன் முற்றத்தில் நினைவுச் சுவர் கட்டியிருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரே அளவில் ஒரு மாடம், நம்பர் போட்டு, மேலே பித்தளைத் தகடு. மழை படாது. ஆவியும் கூடவே வந்துவிடும்.

"அந்த நாப்பத்திரண்டு பேர்கிட்ட பேசின வசனத்த என்கிட்ட பேசாத," என்றாள் டெல்ஃபினா. "ஆவி என்ன உங்க ஆபீஸ் ஜீப்பா, கூப்பிட்ட எடத்துக்கு வர்றதுக்கு? ரத்தம் எங்க விழுந்துச்சோ அங்கதான் அவன் இருப்பான். என்னையும் இங்கயே புதைச்சிட்டு அப்புறம் வேலி போடு."

கோர்ட்டு, போலீஸ் என்று யாஸ்னா சொல்லிப் பார்த்தாள். போலீஸ் வரட்டும், அவர்களுக்கும் அம்மா இருப்பாள் என்றாள் டெல்ஃபினா. சில்லான் வேலையைப் பற்றிச் சொன்னாள். அதற்கு டெல்ஃபினா மகளின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். மகளுக்காக இரங்குகிறாள் என்றுதான் தோன்றியது. பிறகு, அண்ணனை வித்து வாங்குகிற வேலையில் உனக்குத் தூக்கம் வருமா என்று கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து நிபால்டோ சைக்கிளில் வந்து இறங்கினார். எப்போதும் போலக் கூட்டுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றினார். டெல்ஃபினா அவரைப் பார்க்காமல் வேலி ஆட்கள் பக்கம் திரும்பினாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"இங்க கேட்டப் பாத்துக்கன்னு ஒரு ஆள உக்கார வெச்சாங்க. அந்த ஆளு பாத்துக்கல. அதனாலதான் இப்ப நான் பாத்துக்கிறேன்."

ஆட்களில் ஒருவன் சிரித்தான். நிபால்டோவும் லேசாகச் சிரித்தார், தப்புச் செய்தவன் சிரிப்பதைப் போல. அந்தச் சிரிப்பை யாஸ்னாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அவன் இங்க விழலம்மா."

அப்பாவுக்காகத்தான் சொன்னேன் என்று பின்னால் அவள் தனக்குத் தானே பலமுறை சொல்லிக்கொண்டாள். அது உண்மைதான். அப்போது மணி ஐந்தரை தாண்டியிருந்தது என்பதும், அவள் அதற்குச் சற்று முன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள் என்பதும் உண்மைதான்.

டெல்ஃபினா அவளைப் பார்த்தாள். யாஸ்னா கிலோமீட்டரைச் சொன்னாள். பாலத்தைச் சொன்னாள். கேட் மூடித்தான் இருந்தது என்று சொன்னாள். ஓட்டுநர் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அது வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

பொய் என்று டெல்ஃபினா சொல்வாள், கத்துவாள், தீப்பெட்டியை முகத்தில் வீசுவாள் என்று யாஸ்னா நினைத்தாள். டெல்ஃபினா தலையைத் திருப்பிக் கணவரைப் பார்த்தாள். நிபால்டோ தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

"நிபால்டோ."

பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. அவர் நிமிர்ந்தார்.

"அவன் எந்தப் பக்கம் பாத்துட்டு நின்னான்?"

எங்கே போய்க்கொண்டிருந்தான், எப்படி நடந்தது, யாருடைய தப்பு என்று எதுவும் கேட்காமல் இதைக் கேட்கிறாள் என்றால், அம்மா ஏதோ ஒரு மூலையில் எப்போதுமே இதைப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். ரயிலைப் பார்த்துக்கொண்டு என்று அப்பா சொல்லிவிடப் போகிறார் என்று யாஸ்னா நினைத்தாள்.

"வீட்டுப் பக்கம்," என்றார் நிபால்டோ.

பொய் சொல்கிறார் என்றுதான் யாஸ்னாவுக்கு முதலில் பட்டது. பிறகு திரும்பித் தண்டவாளத்தைப் பார்த்தாள். அந்தி ரயில் வடக்கே தலைநகரிலிருந்து வருவது. கிராஸிங்கைத் தாண்டித்தான் பாலம். பாலத்தில் நின்று ரயிலைப் பார்க்கிறவனுக்கு, ரயிலுக்குப் பின்னால் தெரிவது கேட்டும் விளக்கும் இந்த வீடும்தான். அப்பா பொய் சொல்லவில்லை.

டெல்ஃபினா வெகுநேரம் போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"நீ அங்க போவியா?"

"போவேன். ஞாயித்துக்கிழமையில."

"மெழுகுவர்த்தி?"

"ஏத்த மாட்டேன். யாராவது பாத்தா எதுக்குன்னு கேப்பாங்க."

"அப்ப எம்புள்ள பத்தொம்போது குளிர்காலம் அங்க இருட்டுல கெடந்திருக்கான்," என்றாள் டெல்ஃபினா. அவள் குரல் உயரவே இல்லை. "நான் இங்க ஒரு வெறுங்கூட்டுக்கு வெளிச்சம் காட்டிட்டு இருந்திருக்கேன். நீ அதப் பாத்துட்டு, போட்டத தின்னுட்டு, கம்முனு இருந்திருக்க. கேட்ட மூடலன்னு சொன்னப்போ உன்னைக் கொல்லணும்னு தோணுச்சு. இப்ப அதுகூடத் தோணல."

நியாயமாகப் பார்த்தால் நிபால்டோவுக்கு இன்று ஒரு பாராட்டாவது கிடைத்திருக்க வேண்டும். பத்தொன்பது வருஷம் ஊர் காறித் துப்பியதைத் துடைத்துக்கொண்டு நடந்த மனிதர். ஆனால் அவளும் சொன்னதில் தப்பில்லையே. நம்மைப் பொறுத்தவரை ஆவி விழுந்த இடத்தில்தான் இருக்கும். அவர் மனைவியைக் காப்பாற்றப் போய் மகனை இருட்டில் விட்டார். இதில் யார் பக்கம் பேசுவது என்று எனக்கும் தெரியவில்லை.

ஐந்தே முக்காலுக்குத் தலைநகரிலிருந்து வரும் ரயில் வந்தது. வெள்ளை வெளிச்சம், கன்னத்தில் ஒரு அறை விழுந்த மாதிரி காற்று, அவ்வளவுதான். மெழுகுவர்த்தி அணைந்தது. தீப்பெட்டி டெல்ஃபினாவின் கையில்தான் இருந்தது. அவள் ஏற்றவில்லை.

"பேனாவக் குடு," என்றாள்.

யாஸ்னா படிவத்தை நீட்டினாள். டெல்ஃபினாவின் கண்ணாடி வீட்டில் இருந்தது. எங்கே போட வேண்டும் என்று மட்டும் கேட்டு, மகள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் நிதானமாகத் தன் முழுப் பெயரையும் எழுதினாள்.

அடுத்து நிபால்டோ. அவர் தாளை வாங்கிக்கொண்டு ஜீப்பின் விளக்கு வெளிச்சத்துக்குப் போனார். கையைத் தூர நீட்டிப் பிடித்து, உதடு அசைய முதல் வரியிலிருந்து படித்தார். நாலாவது பத்திக்கு வந்ததும் நின்றார். அதையே இரண்டாம் தடவை படித்தார். தலையைத் தூக்கி யாஸ்னாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஜீப்பின் பானெட் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

யாஸ்னா நாலாவது பத்தியை நாற்பத்திரண்டு வீடுகளில் வாய்விட்டுப் படித்திருக்கிறாள். ஒவ்வொரு வீட்டிலும் அதை வேகமாகப் படித்துவிட்டு ஐந்தாவதற்குப் போய்விடுவாள். இங்கே படிக்கவே இல்லை. அம்மாவும் கேட்கவில்லை. இருந்தாலும் அது அவளுக்கு மனப்பாடம்.

உர்சுவா தாளை வாங்கிப் போனில் படமெடுத்து அனுப்பினார். ஜீப்பை விட்டு இறங்கி வந்து டெல்ஃபினாவுக்கு முன்னால் தலை குனிந்து நன்றி சொன்னார். நாளை காலை ஆட்கள் மரியாதையாகக் கூட்டை எடுத்து வைப்பார்கள் என்றார். யாஸ்னாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, சில்லானில் முதல் தேதியிலிருந்து சேரலாம் என்றார். அவள் நன்றி என்றாள். ஜீப் போனது.

ஆட்களும் போய்விட்டார்கள். டெல்ஃபினா எழுந்து போர்வையை நாற்காலியில் போட்டாள். கூட்டுக்குள் கையை விட்டுப் போட்டோவை எடுத்தாள், பூட்ஸை எடுத்தாள். பாதி எரிந்த மெழுகுவர்த்தியைப் பையில் போட்டுக்கொண்டாள். தகரக் கூரையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். சிமெண்டு நன்றாகப் பிடித்திருந்தது.

"நிபால்டோ, வீட்டுக்குப் பின்னால தள்ளுவண்டி இருக்கு. கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துட்டு வா."

"அம்மா, எதுக்கும்மா?" என்றாள் யாஸ்னா. எதற்கு என்று அவளுக்குத் தெரியும்.

"பேத்து எடுத்துட்டுப் போய் பாலத்துக்கிட்ட வெக்கணும். காலையில அவங்க வந்து தொடறதுக்குள்ள. இன்னைக்கு ராத்திரி அவன் வெளிச்சத்துல இருக்கணும்." டெல்ஃபினா மகளின் தோளைத் தொட்டாள். இந்தக் கதை தொடங்கியதிலிருந்து அவள் யாஸ்னாவைத் தொட்டதாக நான் எழுதவில்லை. "சொன்னியே, அதுக்கு நல்லா இருப்ப. கோவத்துல வித்துட்டன்னு சொல்லிட்டேன். நீ சொல்லலன்னா நான் செத்தாலும் தப்பான எடத்துலயே செத்திருப்பேன். நீயும் வா. உனக்குத்தான கிலோமீட்டர் தெரியும்."

நிபால்டோ தள்ளுவண்டியோடு வந்தார். கடப்பாரையை இறக்கினார். நாலாவது பத்தியைப் படித்துவிட்டுத்தான் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். கையெழுத்திட்ட குடும்பம் தண்டவாளத்தின் இரு பக்கத்திலும், எந்தக் கிலோமீட்டரிலும், இனி எக்காலத்திலும் நினைவுக் கட்டுமானம் எதுவும் எழுப்பாது. எழுப்பினால் முன்னறிவிப்பின்றி அகற்றப்படும். படித்தும் அவர் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது அவருக்குப் பழக்கமான வேலை.

அவர் யாஸ்னாவைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். வேண்டாம், சொல்லாதே என்று.

கடப்பாரை சிமெண்டில் இறங்கியது. மூன்றாவது குத்தில் கூடு விட்டுக்கொடுத்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். "மெதுவா, உன் முதுகு," என்றாள் டெல்ஃபினா. "தெரியும், தெரியும்," என்றார் நிபால்டோ. எந்தத் தபால்காரியும் நடுவில் இல்லாமல் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். பதினாலு வயதிலிருந்து யாஸ்னா கேட்க ஆசைப்பட்ட சத்தம் அது. வண்டி தண்டவாள ஓரப் பாதையில் தெற்கே பாலத்தை நோக்கி உருண்டது.

யாஸ்னா ஆரஞ்சுச் சட்டையோடு கிராஸிங்கிலேயே நின்றாள். காலையில் கூட்டைக் காணோம் என்று ஆட்கள் அவளைத்தான் கேட்பார்கள். திங்கட்கிழமை வேலி பாலத்தைத் தொடும். அங்கே ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருக்கும், அம்மா அதன் முன்னால் நாற்காலி போட்டிருப்பாள். நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் நாலாவது பத்தியில் இது இருக்கிறது என்று அவளிடம் போய்ப் படித்துக் காட்ட ஒரு ஆளை அனுப்புவார்கள். அந்த ஆளுக்கு இப்போது நிரந்தர வேலை.

"யாஸ்னா," என்று இருட்டிலிருந்து டெல்ஃபினா கூப்பிட்டாள். "எங்க நிக்கிற? வந்து எடத்தக் காட்டு."